கூப்பிட்டால்தான் தொடுவேன்

மேற்குத் தாம்பரம் டீக்கடையில் தயாளன் செத்துப்போயிருந்தார். பளு தூக்கும்போது கம்பி மார்பில் விழுந்ததாம். ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே வெற்றிலைக் கடைக்கு வந்தபோது, விலா எலும்பு முறிந்ததோடு பிழைத்துக்கொண்டார். இந்தப் போக்கில் அவர் வீட்டுப் பக்கம் போனால் ஆள் எழுந்து நடமாடுவார் என்று நம்பி, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு சைக்கிளை மிதித்தேன்.

நடமாடவில்லை. ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். மார்பின் குறுக்கே பட்டையாகக் கன்றல். மனைவி ஹில்டா டீச்சர் தைலம் தடவிக்கொண்டிருந்தார். தைலத்தைவிடக் கோபம்தான் அதிகம் இறங்கியது.

"செத்துட்டேன்னு யார் சார் சொன்னது?"

"டீக்கடையில."

"கிட்டத்தட்ட சரிதான்" என்றார் ஹில்டா.

நடந்தது இது. 1957-இல் இந்த வட்டாரத்துப் போட்டி ஒன்றில், பெஞ்சில் படுத்தபடி தூக்கிய பளு தயாளனுக்குப் பாதியில் நின்றது. சிநேகிதர் லாசரஸ் பதறிப் பாய்ந்து பிடித்தார். அடுத்தவர் கை பட்டால் தூக்கியது செல்லாது. கோப்பை போயிற்று. "நான் கூப்பிடாம இனிமே என் கம்பியைத் தொடாதே!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போன தயாளன், லாசரஸையும் விட்டார், பயிற்சியையும் விட்டார். ஒரே சர்ச்சில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போய், தயாளன் மூச்சு வாங்கிக் கீழே வைத்தார். ஹில்டா தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த வாரமே பழைய உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கிளம்பினார் நம்மாள்.

கூடத்தை இப்போது நடத்துவது லாசரஸ். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். தயாளன் அடக்கமாகத்தான் தொடங்கினார்: பழைய எடையில் பாதி. இரும்புத் தட்டுகளில் எழுதியிருந்த எண்களைக் கூட்டிப் பார்த்து மாட்டினார். அவர் ஓய்விலிருந்த காலத்தில் நாடு பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறியிருந்தது. கூடத்துத் தட்டுகளும் மாறியிருந்தன. ஒரு கிலோ என்பது இரண்டு பவுண்டுக்கும் மேல். பாதி என்று அவர் மாட்டியது, வாலிபத்தில் தூக்கியதைவிட அதிகம்.

"நீங்க சொல்லியிருக்கலாமே?" என்று லாசரஸிடம் பிறகு கேட்டேன்.

"பேச்சுவார்த்தையே இல்லாதவனுக்குப் பாடம் எடுக்க நான் இன்னா வாத்தியாரா? வீம்புக்கு மாட்டிக்கினான்னு நெனச்சேன்."

கம்பி இறங்கியது. ஏறவில்லை. மார்பில் உட்கார்ந்துகொண்டது. கூடத்தில் வேறு யாருமில்லை. லாசரஸ் ஓடிவந்து தலைமாட்டில் நின்றார், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு.

"கூப்புடு, தயாளா."

தயாளன் தகரக் கூரையைப் பார்த்தார். கம்பி மெல்லக் கழுத்துப் பக்கம் உருண்டது.

"கூப்புட்றா! நீ போட்ட சட்டந்தானே? கூப்புட்டுத் தொலையேன்டா!"

கோத்த கை தானாகப் பிரிந்துவிடாமல் விரல்களை இறுக்கிக்கொண்டதாக லாசரஸ் சொன்னார். தயாளனுக்கோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் தனியாகப் போகிற ஹில்டாவின் முதுகு தெரிந்ததாம். மிச்சமிருந்த மூச்சில் "லாச…" என்றார். பெயர் முடிவதற்குள் கம்பி ஸ்டாண்டில் இருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கம்பியை எடுத்துக் காப்பாற்றினால், பிழைத்தவர் மறுநாள் அவருக்கு இரண்டு அவித்த முட்டையைத் தன் கையால் உரித்துக் கொடுக்க வேண்டும். ஹில்டா டப்பாவில் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்தது. "அவன் கையால வரணும்" என்றாராம் லாசரஸ்.

கன்றல் ஆறிவிட்டது. தயாளன் தினமும் பயிற்சிக்குப் போகிறார், கிலோவில். ஹில்டாவும் தினமும் முட்டை அவிக்கிறார். கூடத்து வாசல்வரை கொண்டுபோகிற தயாளன், அங்கே நின்று உரித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தானே தின்றுவிடுகிறார்.

"உடம்புக்கு நல்லதுதானே சார்?" என்கிறார்.

லாசரஸ் உப்பு வாங்கி வைத்திருக்கிறார்.