தங்கச்சி வீட்டின் தலைவர்

என் தங்கச்சியின் அலுமாரிக்கு மேல் இருந்த குளிசை அட்டைகளில் பதினாறு குளிசைகள் மிச்சம் இருந்தன. மிச்சம் இருக்க வேண்டியவை இரண்டு. முப்பது வாங்கி இருபத்தெட்டு நாளாகிவிட்டது. நான் இரண்டு தரம் எண்ணினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் எண்ணினேன்.

“அண்ணா, மற்றாக்களின்ர வீட்டில வந்து குளிசை எண்ணுறது என்ன பழக்கம்?” என்றாள் குசினியிலிருந்து. இடியப்ப உரலைப் பிழியும் சத்தம் நிற்கவில்லை.

நான் எழுபத்து நாலு வயதுக்காரன். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். படியேறினால் படிகளை எண்ணுவேன், பூசையில் நின்றால் எரிகிற மெழுகுதிரிகளை எண்ணுவேன். அந்தப் பதினாறை எண்ணியதும் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாள். பிரஷர் குளிசை கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. சீனி வருத்தத்துக்கான இந்தக் குளிசை அங்கே இல்லை, வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை. விடியப்புறம் எழும்பி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற வருமானத்தில் வாடகையும் சமையல் காஸும் போனால், மிஞ்சுவது பாதி அட்டைக்குத்தான் காணும்.

நான் வாங்கிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, அந்தக் குளிசையின் விலைக்கு இடியப்பம் என் பையில் இருந்தது. வெள்ளவத்தையில் தனியாக இருக்கிற ஒரு கிழவன் எண்பது இடியப்பத்தை என்ன செய்வது? பக்கத்து பிளாட், மேல் பிளாட், காவற்காரர் என்று எல்லோருக்கும் கொடுத்தும் பதினொன்று மிஞ்சியது. “உங்கட பென்சனை உங்கட வருத்தத்துக்கு வையுங்கோ” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே அரசாங்கத்திடம் கேட்பது என்று தீர்மானித்தேன். கேட்பதற்கு முன், யாருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். முதியோர் கொடுப்பனவுக்கு எழுபது வயது வேண்டும், அவளுக்கு இரண்டு வருஷம் குறைவு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கொடுப்பனவு, சிறுநீரக நோயாளருக்கு ஒரு கொடுப்பனவு. என் தங்கச்சிக்கு இல்லாத வருத்தம் இல்லை, ஆனால் படிவத்தில் இடம் கொடுத்திருக்கிற வருத்தம் மட்டும் இல்லை. மிஞ்சியது வறிய குடும்பங்களுக்கான மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவு. விண்ணப்பித்தால் வீட்டுக்கு வந்து பார்த்து, கேள்வி கேட்டு, புள்ளி போட்டுத் தீர்மானிப்பார்கள். அது கிடைத்தால் ஒரு நாளைக்கு ஒரு குளிசை. வேறொன்றும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

படிவத்தை நானே நிரப்பினேன். மூன்று பிரதி எடுத்தேன். கிராம சேவகரின் கந்தோரில் ஒரு பிரதி காணும் என்றார்கள். மற்ற இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

வந்து பார்க்கிற நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வெள்ளவத்தையில் இருந்து இரண்டு பஸ் மாறி எட்டரைக்கே போய்விட்டேன். கதவடியில் நின்று, வீடு மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போய் இலக்கத்தைப் பார்த்தேன். முன் அறையில் சித்திர வேலை செய்த கதிரைகள் ஆறு. மேசையில் தங்க விளிம்பு போட்ட கோப்பைகள். யன்னலுக்குப் புதுத் திரை. தட்டில் வெட்டி அடுக்கிய பட்டர் கேக், பதினெட்டுத் துண்டு.

“இதெல்லாம் எங்கால?”

“கதிரை பக்கத்து வீட்டக்காவின்ர. கோப்பை முன்வீட்டு மிஸ்ஸின்ர. ஒரு ஆபிசர் வரேக்க அந்தப் பழைய மர வாங்கில இருத்திறதே?”

“ஏழை எண்டு காட்டத்தானே வரச் சொன்னனாங்கள்!”

“ஏழையெண்டா மரியாதை தெரியாதோ?”

எங்கள் ஒழுங்கைகளில் அதுதான் வழக்கம். பொம்பிளை பார்க்க வந்தாலும், சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலும், செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்தாலும், கதிரைகள் தாமாகவே வீடு மாறும். வறுமையைக் கணக்கெடுக்க வருகிறவருக்கு மட்டும் வேறு சட்டம் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கதிரைகளைத் திருப்பி அனுப்பலாம் என்று நான் ஒன்றைத் தூக்கினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதிலேயே இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிகாரி வந்தார். இருபத்தைந்து வயது மதிக்கக்கூடிய சிங்களப் பெண்பிள்ளை, கையில் போன். கேள்விகள் எல்லாம் போனுக்குள் இருந்தன. நடுக் கதிரையில், வெள்ளைச் சேர்ட்டும் பொக்கற்றில் மூன்று பேனையுமாக, எழும்ப முடியாமல் இருந்த என்னைப் பார்த்தார்.

“கெதர பிரதானியா கவுத?” என்று கேட்டார். வீட்டுத் தலைவர் யார் என்று.

தங்கச்சி என் பக்கம் கையைக் காட்டினாள். “அண்ணாதான் எங்களுக்கு எல்லாம்” என்று தமிழிலும், அதையே உடைந்த சிங்களத்திலும் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. மனைவி போன பிறகு என்னை ஒருவரும் எதற்கும் தலைவர் என்று சொன்னதில்லை. பிளாட் சங்கத்தில் கூட உபதலைவர் தேர்தலில் நான்கு வாக்கால் தோற்றவன். அந்தப் பிள்ளை என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்க, கேட்டதற்கும் பதில் சொன்னேன், கேளாததற்கும் சொன்னேன். என் ஓய்வூதியம், நாலு நிலையான வைப்பு, வட்டியில் வங்கி பிடிக்கிற வரி எல்லாம் வந்தது. வருஷ வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த வரியைப் பிடிக்க வேண்டாம் என்று சுயபிரகடனம் கொடுக்கலாம், அதற்கு வரி இலக்கம் வேண்டும், ஒவ்வொரு வருஷமும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று என் கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கினேன். “உங்கட அப்பா அம்மாவுக்கும் சொல்லுங்கோ, கன பேருக்குத் தெரியாது” என்றேன். பிள்ளை நன்றி சொல்லிக்கொண்டே போனில் தட்டிக்கொண்டிருந்தது. கேக் மூன்று துண்டு சாப்பிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தேன்.

நாங்கள் கேக் கொடுத்து முடிய, அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டுக்குள் போனது.

சில மாதங்களில் பட்டியல் வந்தது. கிராம சேவகரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தேன். தங்கச்சியின் பெயர் இல்லை. பக்கத்து வீட்டக்காவின் பெயர் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்று அந்தப் பிள்ளை எங்களிடம் ஆறு கதிரையையும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு கதிரையும் இல்லாத வெறும் அறையைப் பார்த்திருக்கிறது. எங்களுடைய வறுமை அங்கே போய்விட்டது, அவர்களுடைய செல்வம் இங்கே வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது இதைப் பக்கத்து இருக்கைக்காரருக்கும் விளக்கினேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

மேன்முறையீடு எழுதினேன். நாலு பக்கம். “கதிரைகள் இரவல்” என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒன்பது விடயங்கள். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது தங்கச்சி முழுவதையும் வாசித்துவிட்டுக் கேட்டாள், “இதில அக்காவின்ர பேரைப் போட்டிருக்கிறீங்கள்?”

“கதிரை அவவின்ரதானே.”

“அவவின்ர மனுசன் ஒருகொடவத்தையில கொள்கலன் யாட்டில விழுந்து, முதுகு ஏலாமல் ரெண்டு வருஷமாப் படுக்கை. அந்தக் காசில ரெண்டு சீவன் கிடக்குது. கதிரை அவவின்ர சீதனம். இதை அனுப்பினா அதை வெட்டிப்போடுவாங்கள். எனக்குப் பாதிக் குளிசை காணும்.”

மூன்றாம் பக்கத்தை என் கண்ணுக்கு முன்னாலேயே கிழித்தாள். மிஞ்சிய மூன்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்க இலக்கங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

மறு விசாரணைக்கு வந்தவர் ஐம்பது தாண்டிய ஆண் அதிகாரி. தமிழ் நன்றாகப் பேசினார். இந்தத் தரம் கதிரையும் இல்லை, கேக்கும் இல்லை. தங்கச்சி அவரை வாங்கில் இருத்தி, தன்னுடைய காது உடைந்த கோப்பையில் பாலில்லாத பிளேன்ரீ கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். நான் மூலையில் ஸ்டூலில் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருக்கச் சொல்லி முதல் நாளே கட்டளை.

அவர் பைலைத் திறக்க முதலே, பக்கத்து வீட்டக்கா தலைமுடி அவிழ உள்ளே ஓடி வந்தா.

“சேர், அந்தக் கதிரை எங்கட! இவவின்ர இல்ல! இவவை வெட்டாதேங்கோ, எங்கடையை வெட்டுறதெண்டா வெட்டுங்கோ!”

“அக்கா, சும்மா இருங்கோ!” என்று தங்கச்சி கத்தினாள். “சேர், அவவுக்குக் கதிரையே இல்ல!”

“இருக்கு, சேர், ஆறு இருக்கு!”

“பொய் சொல்றா, சேர், நல்ல மனுசி, பொய் சொல்றா!”

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாள்களைப் புரட்டினார். “எந்தக் கதிரை அம்மா? இதில கதிரைக்குக் கேள்வியே இல்லையே. வாகனம் கேட்டிருக்கு, காணி கேட்டிருக்கு, கரண்ட் யூனிட் கேட்டிருக்கு. நீங்க அதெல்லாத்திலையும் சரி.” விரலை ஓரிடத்தில் வைத்தார். “உங்கள வெட்டினது இது. வீட்டுத் தலைவர், ஆண், வயசு எழுபத்து நாலு, அரசாங்க ஓய்வூதியம், நிலையான வைப்பு நாலு, வரி இலக்கமும் இருக்கு. ஆர் இந்த ஐயா?”

இரண்டு பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். நான் என் சப்பாத்துகளைப் பார்த்தேன். இரண்டு.

“இவர் இங்கதான் இருக்கிறவரா? ஒரு கூரைக்குக் கீழ இருந்து ஒரு பானையில சாப்பிடுறவர்தான் கணக்கு.”

வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளை எனக்கு மறந்துபோயிற்று. “சேர், நான் இருக்கிறது வெள்ளவத்தை, பாமன்கடைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமையில மத்தியானம் மட்டும் இங்க சாப்பிடுறன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, அதில சுகமில்லாத ஞாயிறு ஆறு கழிச்சா நாற்பத்தாறு சாப்பாடு. அதோட நத்தார், பெரிய வியாழன்…”

“அண்ணா” என்றாள் தங்கச்சி. “சீனி முடிஞ்சு போச்சு. முன்கடையில ஒரு கால் கிலோ வாங்கிக்கொண்டு வாங்கோ.”

சீனிப் போத்தல் அவள் கைக்குப் பக்கத்தில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் முன்னால் இருக்க, அண்ணன் தலைவர் இல்லை என்று அவள் வாய் சொல்லாது. அப்படி வளர்ந்தவள். நான் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் சீனி வாங்க நாலு நிமிஷம் போதும். நான் இருபது நிமிஷம் நின்றேன். கடைக்காரர் சிங்களவர். “மொகோ மாத்தயா, என்ன ஐயா, உடம்புக்கு ஏலாதா?” என்று கேட்டார். பதவி போய்விட்டது என்று சொன்னேன். “பென்சன் வருதுதானே?” என்றார். வருகிறது என்றேன். “அப்ப என்ன?” என்று சீனியைக் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அதிகாரி பைலை மூடிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன் என்று என் பகுதிக் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அக்காவிடம், “உங்கட கதிரை உங்களுக்கே இருக்கட்டும்” என்றார். அக்கா சுவரில் சாய்ந்து நின்று அழுதா, சிரித்தா, பிறகு தன் மனுசனுக்குச் சொல்ல ஓடினா.

கடிதத்தை அடுத்த நாளே வாங்கினேன். மூன்று பிரதி.

இரண்டு மாதத்தில் தங்கச்சியின் பெயர் சுவரில் வந்தது. பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தன் பெயரைப் பார்த்துவிட்டு, ஒருவரும் பார்க்காத மாதிரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பட்டியலுக்குக் கீழே ஒரு அறிவித்தல் இருந்தது. தகுதியில்லாதவர்களின் பெயர் இருந்தால் குறித்த நாட்களுக்குள் யாரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதை இரண்டு தரம் வாசித்தாள்.

இப்போது அவள் நாளுக்கு ஒரு குளிசை போடுகிறாள். ஆட்சேபனைக்கான நாட்களும் எப்போதோ முடிந்துவிட்டன. அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்தால், நாலு மணிக்கே தோளைத் தட்டுகிறாள்.

“அண்ணா, எழும்புங்கோ. பொழுதுபட முன்னம் பஸ் ஏறுங்கோ.”

“ஒரு நாளைக்குத் தங்கினா என்ன?”

“ஒரு கூரை எண்டிடுவாங்கள்.”

ஒழுங்கை முனை வரை கூடவே வருகிறாள். பைப்படியில் பெண்கள் நிற்பார்கள், வாசல்களில் ஆண்கள் இருப்பார்கள். அந்த இடம் வந்ததும் என் தங்கச்சி, எனக்கு மட்டுமல்ல, பதினான்கு வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொல்கிறாள்:

“சரி அண்ணா, உங்கட வீட்டுக்கு, வெள்ளவத்தையில இருக்கிற உங்கட சொந்த வீட்டுக்கு, கவனமாப் போட்டு வாங்கோ!”

அது வாடகை பிளாட். திருத்துவதற்கு வாயைத் திறப்பேன். அதற்குள் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.