ஆம்ப்ரோஸ் என்றே எழுதம்மா

நீலசந்திராவில் தியோடர் கிரில் ஒர்க்ஸ் எங்கே என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவான். அந்தப் பேர் சும்மா வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர் தியோடர். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் நின்றபடியே பெங்களூர் வந்து, ஒருவன் சிபாரிசும் இல்லாமல் வெல்டிங் பழகி, இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். செய்கிற கேட்டில் எல்லாம் ஒரு மூலையில் தன் பேரைப் பற்றவைத்துவிடுவார். வீட்டுக்காரர் முறைத்தால், வேலை என்னுடையது, பேரும் என்னுடையதுதான் என்பார்.

அப்படிப்பட்டவருடைய தம்பி பேர் இல்லாமல் செத்தான்.

ஆம்ப்ரோஸுக்குக் கம்பி கட்டும் வேலை. பெரிய அடுக்குமாடி சைட்டுகளில் கேட் பாஸ் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் பாஸை வாங்கிக்கொண்டு இன்னொருவன் போய் நிற்பான், கூலி வீணாகாது. தங்கவயல் பையன்களுக்குள் அது வழக்கம். அன்றைக்குக் கூட வேலை செய்யும் டிரேவருக்குக் காய்ச்சல். அவன் பாஸில் ஆம்ப்ரோஸ் போனான். சாரம் சரிந்தது. பாஸில் பேர் உள்ள ஆட்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆகவே எங்கள் சைட்டில் யாரும் சாகவில்லை என்று காண்டிராக்டர் கையை விரித்துவிட்டான். ரோட்டில் விழுந்து கிடந்தவன் என்று எழுதிக் கதையை முடித்தார்கள்.

அதனால்தான் மைதிலி வந்தபோது தியோடர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசினார். மல்லேஸ்வரத்துப் பெண், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கட்டட வேலையில் செத்தவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறாள். முதல் நாளே சம்மதத் தாள்களில் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினாள். பேசும்போது அழுகை வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பர் அட்டையும் தந்தாள். கேட்டதற்கு, கொடுத்தே ஆகவேண்டும் என்று பல்கலைக்கழகக் கமிட்டியின் உத்தரவு என்றாள். தியோடர் அதை ஸ்க்ரூ டப்பாவுக்குள் போட்டார். ஞாயிறு தவறாமல் அவள் வந்தாள். அவரும் ஒன்றையும் மறைக்கவில்லை. தம்பி எப்படிச் செத்தான் என்பது அவன் பேரோடு ஒரு தடவையாவது அச்சில் வரவேண்டும், அவ்வளவுதான்.

எழுதியதைக் கொண்டுவந்து அவள் படித்துக் காட்டினாள். ‘மாணிக்கம் ஒரு கட்டுமான இடத்தில்...’

“யாரும்மா இந்த மாணிக்கம்?”

அவள் தலை குனிந்தது. யார் பேரையும் உள்ளபடி போடக்கூடாது என்பது ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் அந்த எதிக்ஸ் கமிட்டியின் விதியாம். பேசியவர்களுக்குக் கெடுதல் வந்துவிடுமாம்.

“அவங்க இங்க வந்தாங்களா? என்னைக் கேட்டாங்களா?”

“வர மாட்டாங்க அங்கிள். நான் எழுதிக் கொடுத்ததைப் படிச்சிட்டு முடிவு சொல்வாங்க.”

“காண்டிராக்டரு துட்டுக்காக அவன் பேர மறைச்சான். நீங்க இன்னாத்துக்கு மறைக்கறீங்க?”

தியோடர் விடவில்லை. செத்தவன் விஷயம் எதுவானாலும் சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி, எல்லோர் காதிலும் விழச் சொல்லி முடிவெடுப்பதுதான் தங்கவயல்காரர்களின் மரணநிதிச் சங்கத்து வழக்கம். அடுத்த ஞாயிறு கோயில் பூசை முடிந்ததும் சங்கத்தாரைக் கடையிலேயே கூட்டினார். ஆம்ப்ரோஸின் மனைவி நோரா வந்தாள். டிரேவரும் வந்தான். மைதிலி படித்தாள்.

பேர் போடத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோது டிரேவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தியோடர் அதட்டிய பிறகு சொன்னான்.

“ண்ணா, ஆம்ப்ரோஸ் பேரும் சைட்டு பேரும் வந்தா, யாரு பாஸ்ல வந்தான்னு தேடுவாங்க. நான் இன்னும் அவங்ககிட்டதான் வேல செய்யறேன்.”

தியோடருக்குச் சுருக்கென்றது. இத்தனை பேசியவருக்கு இது தோன்றவே இல்லை. அந்தக் கோபத்தில் டிரேவரைக் கோழை என்று திட்டினார். நோராதான் குறுக்கே வந்தாள்.

“அவனும் புள்ளகுட்டிக்காரன் மாமா. அவரு பேரு மட்டும் இருக்கட்டும். சைட்டு பேரு, வருஷம், பாஸ் யார்து, எதுவும் வேணாம்.”

விழுந்த இடத்தைச் சொல்லாமல் விழுந்தான் என்று எழுதுவதா என்று தியோடர் வெகுநேரம் முரண்டு பிடித்தார். கடைசியில் தலையை ஆட்டினார். டிரேவரும் சரி என்றான். கமிட்டியார் ஐந்து பேர் ஏசி அறையில் உட்கார்ந்து கற்பனை செய்த ஆபத்து என்ன, நிஜமான ஆபத்து எது, யாருக்கு என்பதெல்லாம் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துவிட்டது. மைதிலி அதை அப்படியே எழுதிக் கமிட்டிக்கு அனுப்பினாள்.

மழைக்காலம் முழுதும் போன பிறகு பதில் வந்தது. செத்தவர் பேரைப் போட்டால் குடும்பம் அடையாளம் தெரிந்துவிடும்; முடியாது. அந்தக் கூட்டத்துக்கு முன்அனுமதி வாங்காததால் மைதிலிக்கு எச்சரிக்கை. தியோடருக்கு விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த உரிமையை அவர்கள் மதிக்கிறார்களாம். தெரியட்டும் என்று அந்தக் குடும்பமே அல்லவா சொல்கிறது? சொல்லி என்ன, கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

தியோடர் நோராவுக்குப் போன் போட்டார். கமிட்டி சொன்னதைக் கேட்டதும் அவள் சொன்னாள்:

“மாணிக்கம்னு இருந்தா என் புள்ளைக்கு இன்னான்னு காட்டுவேன்? எடுத்துடச் சொல்லுங்க மாமா.”

மைதிலி விலகல் தாளைக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தியோடர் காரணத்தை எழுதச் சொன்னார். அதற்கு இடமே இல்லை என்றாள்.

“ஓரத்துல எழுது. என் தம்பி ஆம்ப்ரோஸ் சாரம் சரிஞ்சி செத்தான். அவன் பேர போடாததால நான் சொன்னத எடுத்துக்கறேன்.”

அவள் எழுதினாள். எழுதிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “ஃபைல்ல வெக்கும்போது இதையும் அடிச்சிடுவாங்க அங்கிள்.”

“அடிக்கட்டும். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிக்கணும் இல்ல?”