சித்தப்பா வந்தால் ஏறும் பிரஷர்

அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வந்துவிட்டது. தினமும் காலையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றுவாள். எண் நல்ல பிள்ளையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எகிறும்.

ஞாயிறு, சித்தப்பா தாம்பரத்திலிருந்து ரயிலில் வருகிற நாள். அப்பா ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவார். லிஃப்ட் இல்லாத மூன்று மாடியை ஏறி இருவரும் வந்ததும் வராததுமாக, பேச்சு அரசியலுக்குள் நுழைவதற்குள் அம்மா பட்டையோடு நிற்பாள்.

"பாத்தீங்களா? உங்க தம்பி வந்தாலே ஏறிடுது."

சித்தப்பாவிடம் அப்பா போனில் "கொஞ்ச நாள் போகட்டும்டா, அப்புறம் வா" என்றார். என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போக இருந்த ஒரே ஆள் சித்தப்பாதான். அந்த மெஷினை மனதார வெறுத்தேன். போதாக்குறைக்கு அடுத்த ஞாயிறு எண் ஒழுங்காக இருந்தது. அம்மா முகத்தில் கேஸ் ஜெயித்த களை.

பிறகு ஒருநாள் தண்ணீர் கேன் போடுகிறவர் வரவில்லை. அப்பாவே கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அம்மா அளந்தாள். எகிறியது. சித்தப்பாதான் வரவே இல்லையே? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே இறங்கி ஒரே ஓட்டமாக ஏறி வந்து என் கையில் பட்டையைச் சுற்றினேன். ஏறியிருந்தது. உட்கார்ந்து மறுபடி சுற்றினேன். இறங்கியிருந்தது. என் குச்சிக் கைக்கு அந்தப் பட்டை தொளதொளவென்று இருந்ததால் அந்த எண்களை நம்பலாமா என்று இன்றைக்குச் சந்தேகம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"சித்தப்பா இல்லம்மா, மாடிப்படிம்மா!"

அம்மா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி அளந்தாள். பிறகு அவளே போனை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. மோர்க்குழம்பு வெக்கறேன்."

அந்த ஞாயிறு சித்தப்பாவை அழைத்துவர நானே கீழே ஓடினேன். முதல் மாடியில் கம்பியைப் பிடித்து நின்று அங்கிருந்த பூனைக்கு என்ன பேர் என்று கேட்டார். இரண்டாவது மாடியில் நின்று என் கணக்கு டீச்சரைப் பற்றிக் கேட்டார். என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன். மேலே வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவை அம்மா அளந்தாள். எண் அடக்கமாக இருந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர், முகம் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பாதான்.

அடுத்த வருஷம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. மாடிக்கு மாடி அவர் நின்றது மூச்சு வாங்கத்தான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டையை அவர் கையில் ஒருமுறை சுற்றிப் பார்க்க எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.