மண்ணுக்குள் போன பாதிப் பணம்

மாவட்ட முதியோர் நல அலுவலகத்தின் பதிவில் லோர்னா ட்வெய்ட் இப்படி இருக்கிறார்: 'வயது அறுபத்தொன்பது. தளர்ந்த உடல். பெரிய செலவுகளில் முடிவெடுக்கப் பிறர் துணை தேவை.' அதைப் பதிந்துகொண்ட அலுவலகப் பெண் வந்துபோன அதே வாரம், லோர்னா கொல்லையில் குப்புறப் படுத்து, தோண்டிய குழிக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் வெயில் மூன்று மாதம். அதற்காகவே எல்லா வீட்டுப் பின்கதவுக்கு வெளியிலும், வெயிலில் உட்கார ஒரு மரத்தளம் உண்டு. ட்வெய்ட் வீட்டுத் தளத்தைக் கட்டியவர் கணவர் ஹார்லன். குழி வெட்டாமல், தரையில் கான்கிரீட் கட்டைகளை வைத்து அவற்றின்மேல் கட்டினார், செலவு மிச்சம். குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பிவிடும், தளம் எழும்பிக் கதவை மறிக்கும். ஹார்லன் தளத்தைத் தொடமாட்டார். கதவின் அடியை இழைப்பார். வருஷா வருஷம் இழைத்ததில், பனிக்காற்று தட்டாமலே உள்ளே வரும் அளவுக்குக் கதவு குட்டையாகிவிட்டது.

போன வருஷம் ஹார்லனுக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலியைத் தாங்கப் பழைய பலகைகளால் ஆகாது. ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர், ஏரியைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லோர்னா மீன்பிடிப் படகை விற்றார். கையில் ஆறாயிரம் டாலர். அதற்குள் புதுத் தளம் முடிந்தாக வேண்டும்.

ஹார்லனின் தம்பி ட்வேன் காப்பி குடிக்க வந்து கணக்கைப் பார்த்தார். சாயமே தேவைப்படாத உயர்ந்த பலகை, அழகான கைப்பிடி, அடியில் பழையபடி கட்டை என்பது அவர் யோசனை. லோர்னாவின் கணக்கில் பாதி, உறைபனி எட்டாத ஐந்தடி ஆழத்தில் தூண் நிறுத்தும் குழிகளுக்குப் போயிருந்தது.

"இது வித்தியாசமாத்தான் இருக்கு, லோர்னா," என்றார் ட்வேன். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை. "பாதிப் பணத்த மண்ணுல பொதைக்கிற. வர்றவங்க பலகையத்தானே பாப்பாங்க?"

"பாத்துட்டுப் போகட்டும். எனக்கு ஜனவரில கதவு தெறக்கணும்."

ஹார்லனுக்கு மிஞ்சியிருந்த சொற்கள் கொஞ்சம். அவற்றில் இரண்டை இதற்காகச் செலவழித்தார். "கட்டை... போதும்."

"போதும்தான். இன்னும் ரெண்டு வருஷம் இழைச்சா அத ஜன்னல்னு சொல்லிக்கலாம்."

ஹார்லன் பாதி வாயால் சிரித்தார்; கட்சி மாறவில்லை.

மூன்றாவது குழியில் பாறை குறுக்கிட்டது. துளை இயந்திரக்காரர் மூன்றடியே தாராளம் என்றார். லோர்னா இன்னொரு இடம் காட்டினார். அந்தக் கூடுதல் குழியின் கூலிக்காகத் தச்சர்களை வேண்டாமென்று அனுப்பினார். ட்வேன் சனிக்கிழமைதோறும் சொந்தச் சுத்தியலோடு வந்து, வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஆணியடித்தார்.

நிலம் இறுகுமுன் லோர்னா எல்லாத் தூண்களையும் ஐந்தடி ஆழத்தில் நிறுத்தி, மேலே கடையிலிருந்ததிலேயே மலிவான பைன் பலகையைப் போட்டார். ஜனவரியில் பின்கதவைத் திறந்து ஹார்லனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.