அம்மாவின் பின்னல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மா மூன்று வாரம் வீட்டில் இல்லை. நிபோங் திபாலில் மாமா வீட்டுக்குப் போயிருப்பதாக அப்பா சொன்னார். நானும் நான்கு வயதுத் தம்பியும் நம்பினோம். டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குச் சின்னம்மா வந்து சமைத்துப் போட்டார்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி நடனத்துக்கு ரிப்பன் தேடி அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே அம்மாவின் பின்னல். முழுப் பின்னல். இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டு, பாம்பு மாதிரி சுருட்டி வைத்திருந்தார்கள். எண்ணெய் வாசனைகூடப் போகவில்லை.

செத்துப்போனவர்களின் பொருளைத்தான் இப்படி மறைத்து வைப்பார்கள் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் அறைக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவதை அப்போதுதான் கவனித்தேன். மூன்றாம் நாள் சின்னம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அம்மா செத்துட்டாங்களா?"

கரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, என்ன பேச்சு இது! இரு, இப்பவே போன் போடுறேன்."

போன் திரையில் அம்மா வந்தார். தலையில் துணி, மெலிந்த முகம், பின்னால் பச்சைத் திரைச்சீலை. "என்னலா கண்ணு, அழுவுற? சாப்பிட்டியா?"

மாமா வீட்டில் அப்படி ஒரு திரைச்சீலை கிடையாது. அது மருத்துவமனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. அம்மா உயிரோடு இருந்தார்; அது போதும். கை கழுவிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். முடி கொட்டுமுன் அம்மாவே வெட்டச் சொன்னதும், அவருக்கு இருந்தது புற்றுநோய் என்பதும் வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தன. அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றும் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போனால் என்னைவிட வேகமாக நடப்பவர் அவர்தான்.

அவர் வீடு திரும்பிய மதியம், எல்லோரும் சோறும் மீனும் மிளகாய்ச் சம்பலும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பி அம்மாவின் தலையையே பார்த்தான்.

"முடி எங்கம்மா?"

அப்பா சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"முருகனுக்குக் குடுத்துட்டாங்கடா," என்றேன் நான்.

தம்பிக்குத் திருப்தி. அம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். அப்பா எழுந்து வெளி நடைபாதைக்குப் போய்விட்டார். சாமி பேரில் பொய் சொன்னதற்குத் திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அப்பா திரும்பி வந்து தன் தட்டிலிருந்த மீன் துண்டை எனக்கு வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சம்பல் காரம்லா," என்றார்.

நம்பினேன்.