புத்தகம் திறந்தால் பிஸ்கட்

வாட்ச்சர் வேலை என்பது அடுத்தவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேற் திறந்துவிடுகிற வேலை. நம்மைப் பார்க்க யாரும் வருவதில்லை.

இந்த வேலையில் எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் மூன்றாம் மாடி சிவபாதம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் லேன் ஒன்றில் நான் காவல் இருக்கும் ஐந்து மாடிப் பிளாட்டின் கமிட்டிச் செயலாளர் அவர். நான் சேர்ந்து நாலாம் நாள் என் கதிரையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, சாய்மானம் இல்லாத ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போதே அறுபது வயது. அவர் சொன்னது இதுதான்: "சாய்ஞ்சால் நித்திரை வரும், வாட்ச்சர்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் யார், எப்போது, யார் முன்னால், என்ன சொன்னார் என்பது எனக்கு ஒருநாளும் மறக்காது. வாசலில் நின்று பிழைக்கிற வாட்ச்சர்மார், லிஃப்ட்காரர், ஆஸ்பத்திரிக் கேற்காரர் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

மிஸ்ஸி தந்த நாய்

என் அறை கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால். பக்கத்து வளவில் ரீட்டா மிஸ்ஸி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து பென்ஷன் எடுத்தவர். ரோட்டில் அடிபட்ட நாய்களைக் கொண்டுவந்து, மருந்து போட்டு, யாராவது நல்ல வீட்டுக்காரர் கேட்டால் கொடுப்பார். அக்கம்பக்கத்தாருக்குப் பிரஷரும் பார்ப்பார். என் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மண்ணிறப் பெட்டை நாய் பின்னாலிருந்து வந்து என் குதிகாலை மணந்து பார்த்தது. அதன் இடது விலாவில் மயிர் இல்லை. யாரோ சுடுதண்ணி ஊற்றியிருக்கிறார்கள். நாயின் பெயர் சூட்டி.

இரண்டு வீட்டுக்காரர் ஆசையாகக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். வீட்டுக்கு ஆள் வந்தால் கட்டிலுக்குக் கீழே போய் மூத்திரம் பெய்யும். கையை நீட்டினால் பல்லைக் காட்டும். இப்படிப்பட்ட நாய் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். மிஸ்ஸி என் கையிலிருந்த பிரஷர் பட்டியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவங்க எல்லாம் இதையே பாத்துப் பாத்துக் கொஞ்சினாங்க, அது பயந்துட்டுது. நீங்க ஒருத்தர் மூஞ்சியையும் பாக்காம முறுக்கிக்கிட்டுத்தானே இருப்பீங்க, மரியதாஸ். இதுக்கு நீங்கதான் சரி."

கொட்டாவி

பிளாட்டுக்குக் கூட்டிவந்து, படிக்கட்டுக்குக் கீழே, தண்ணி மீட்டருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்க அது அந்த மூலையில் கிடந்து கொட்டாவி விட்டது. ஆள் வந்தால் ஒன்று. ஆள் போனால் ஒன்று. நம்மைப்போலச் சோம்பேறி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஃபோனில் மிஸ்ஸியிடம் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. நாய் அப்படிக் கொட்டாவி விட்டால் அது நித்திரை இல்லை, பயம். உதட்டை நக்கினாலும் பயம்தான்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற சமன் கடகடவென்று உள்ளே வந்தபோது சூட்டி இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது. சமன் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கேற்றுக்கு வெளியே ஓடிவிட்டான். கட்டைப் பனைமரம் மாதிரி உடம்பு, சிங்களப் பெடியன், எங்களோடு பழகித் தமிழும் கதைப்பான். வெளியே நின்றுகொண்டு சொன்னான்: "அய்யே, எனக்கு நாய் பயம். அந்த நாய்க்கு நான் பயம். அப்ப ரெண்டு பேரும் சரிதானே?"

புத்தகம்

மிஸ்ஸி சொன்ன முறை இது. வருகிறவர் நாயைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. ருசியான ஏதாவது ஒன்றை அதற்குப் பின்பக்கமாக எறிந்துவிட்டுத் தன்பாட்டில் போக வேண்டும். அது தூரப் போய்த் தின்னட்டும். பிறகு வர விருப்பமென்றால் வரட்டும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

சொல்ல லேசு. ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிற பிளாட்டில், வாட்ச்சர் சொல்லி யார் கேட்பார்கள்? ஆனால் என்னிடம் ஒரு அதிகாரம் இருந்தது. புத்தகம். பெயர், எங்கிருந்து வருகிறார், எத்தனையாம் மாடி என்று மூன்றையும் எழுதாமல் யாரும் மேலே போக முடியாது. அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உடைத்த பிஸ்கட் ஒரு டின்னில் வைத்தேன். புத்தகத்தைத் திற, எழுது, ஒரு துண்டைப் படிக்கட்டுப் பக்கம் எறி, திரும்பிப் பார்க்காமல் லிஃப்டுக்குப் போ. "அச்சோ செல்லம்" என்று குனிகிறவர்களை வெளியே அனுப்பி, திரும்பவும் முதலிலிருந்து வரச் சொன்னேன்.

டொக்டர்மார் எறிந்தார்கள். பேங்க் மனேஜர் எறிந்தார். மூன்றாம் வாரம், புத்தகத்தின் தடித்த மட்டை மேசையில் 'டப்' என்று விழுகிற சத்தம் கேட்டாலே சூட்டி படிக்கட்டுக்குக் கீழிருந்து மூக்கை நீட்டத் தொடங்கியது. அப்படி ஒரு நாள் கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் இரண்டாம் தரமும் உள்ளே வந்து, சரியாக எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "விசா எடுத்தது இதைவிடச் சுகமாய் இருந்தது, ஐசே."

குடை

சிவபாதம் மட்டும் எறியவில்லை. தான் விருந்தாளி இல்லையாம். சப்பாத்துச் சத்தத்தோடு சாக்கை மிதித்துக்கொண்டு போவார். அவர் போனபிறகு சூட்டி இரண்டு மணித்தியாலம் வெளியே வராது. அதையும் நான் மறக்கவில்லை.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மாமா முறையான ஒருவர் நீட்டுக் குடை ஒன்றோடு வந்தார். குடையை நீட்டி, "ஆ, நாயும் நிக்குது" என்றார். சூட்டி உறுமியது. அவர் பின்னால் நகர்ந்து தண்ணி ஓடுகிற வாசல் கானுக்குள் ஒரு காலை விட்டார். வெள்ளை வேட்டி. அவர்கள் போனபிறகு சிவபாதம் கீழே வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மகளின்ர கல்யாண எழுத்து அடுத்த மாசம் இஞ்சைதான். அண்டைக்கு இந்த நாய் ஒரு ஆளைப் பார்த்து உறுமினாலும், அடுத்த நாள் நாயும் இல்லை, நீரும் இல்லை."

எழுத்து

ஒரு மாதம் குடைப் பாடம் நடந்தது. முதலில் குடையை நிலத்தில் போட்டு, சுற்றிவரப் பிஸ்கட் போட்டேன். மூன்று நாள் சூட்டி கிட்டப் போகவில்லை. நாலாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்தது. பிறகு நான் குடையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நடந்தேன். பிறகு விரித்துக்கொண்டு நடந்தேன். மழை இல்லாத நாளில் கிழவன் குடை பிடித்துக்கொண்டு முன்வாசலில் சுற்றுகிறான் என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். யார் சிரித்தது என்று தெரியும். கடைசியில் சமனே குடையோடு நடந்தான். நாய்க்குப் பயந்தவன்தான், ஆனாலும் நடந்தான். அதற்காக அவன்மேல் எனக்கு இருந்த இரண்டு கோபத்தை விட்டுவிட்டேன்.

கல்யாணத்தைப் பதிவு செய்கிற எழுத்து நடந்த அன்று நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். பூத்தட்டு, கமரா, பட்டுச் சேலை. நாற்பது துண்டு பிஸ்கட் பறந்தது. சூட்டி சாக்கில் படுத்திருந்தது. பயம் வந்தபோது உள்ளே போனது, பயம் போனபின் தானாகவே வெளியே வந்தது. ஒரு சத்தம் இல்லை. பின்னேரம், அந்தக் குடைக்காரர் கையில் ஒரு வடையோடு கீழே வந்து என் ஸ்டூலில் பக்கவாட்டாக இருந்தார். நாயைப் பார்க்கவில்லை. வடையைப் பிட்டுப் பின்னால் போட்டார். கொஞ்சம் கழித்து இன்னொரு துண்டு. கால் மணித்தியாலம் போயிருக்கும். சூட்டி வந்து அவருடைய செருப்பின்மேல் நாடியை வைத்துப் படுத்துவிட்டது.

சிவபாதம் படியில் நின்று அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவர் மேலே போய்விட்டார். குடைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "சும்மா இருந்தால் வருது, தம்பி. நாங்கள்தான் சும்மா இருக்கிறேல்லை."

செருப்பு

இரண்டு மாதம் நன்றாகப் போனது. சூட்டி இப்போது வருகிறவர்களின் கையிலிருந்தே வாங்கித் தின்னும். ரியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் அதற்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். என்னைக் கேட்காமல் என்னுடைய ஸ்டூலுக்குக் கீழே படுக்கும். எனக்கு முதுகு வலித்தது, ஆனால் கதிரையை நான் அவ்வளவாக நினைக்கவில்லை.

பிறகு இரண்டாம் மாடியில் ஒரு சோடி செருப்புக் களவு போனது. கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டு நிறுத்திவைத்தார்கள். சிவபாதம் சொன்னார்: "வாறவன் போறவன் எல்லாருக்கும் வாலாட்டுற நாய் எங்களுக்கு எதுக்கு?" நான், உறுமக் கூடாது என்று நீங்கள்தானே சேர் சொன்னீர்கள் என்று கேட்டேன். அறையில் ஒருவர் சிரித்தார். சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எழுத்துக்குச் சொன்னது."

தாங்கி

அடுத்த வாரம் ஒரு காலையில் சிவபாதம் மேலிருந்து ஃபோன் எடுத்தார். மொட்டைமாடித் தாங்கியில் தண்ணி வழிகிறது, போய்ப் பார் என்றார். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. ஐந்து மாடி ஏறினேன். தாங்கி பாதிதான் நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கிழவனை ஏற்றி இறக்குகிறார், இதையும் கணக்கில் வைப்போம் என்று திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கீழே புத்தகம் திறந்து கிடந்தது. பிஸ்கட் டின்னின் மூடி நிலத்தில் கிடந்தது. சாக்கு வெறுமையாக இருந்தது.

எதிர்வீட்டில் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்த சமன் ஓடிவந்தான். வெள்ளை வான் வண்டி ஒன்று வந்ததாம், இரண்டு பேர். ஒருவன் புத்தகத்தைத் திறந்து எழுதினான். அந்தச் சத்தத்துக்குச் சூட்டி தானாகவே வெளியே வந்தது. முதல் பிஸ்கட்டை நிலத்தில் போட்டார்கள். அடுத்ததைக் கேற்றடியில். கடைசியை வானுக்குள். கயிறு இல்லை, தடி இல்லை. பிளாட்டுக்காரர் யாரோ கூட்டிப்போகிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். குரைத்ததா என்று கேட்டேன். சமன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல அய்யே. கொட்டாவி விட்டது. ரெண்டு தரம். அதுக்குப் பிறகு ஏறினது."

எழுதாத இடம்

இங்கிலீஷில் கிறுக்கியிருந்த அந்தக் கையெழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் மிஸ்ஸியிடம் கொடுத்தேன். பெயர் என்ற இடத்தில் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கிற ஒரு பெயர். எத்தனையாம் மாடி என்ற இடத்தில் மூன்று. எங்கிருந்து என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

சிவபாதத்திடம் போனேன். அவருடைய வாசலில் நின்று நான் அவருக்கு முன்னால் கையைக் கட்டியது அதுதான் முதல் தரம். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எங்கே விட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், சேர் என்றேன். "நல்ல இடத்திலதான் விட்டிருக்கு" என்றார். இடத்தின் பெயரைக் கேட்டேன். "பேரைச் சொன்னால் நீர் போய்க் கூட்டிக்கொண்டு வந்திடுவீர்" என்று கதவைச் சாத்தினார்.

லீவு நாட்களில் கரையோர ரயிலில் ஏறி ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்க்கிறேன். மீன் விற்கிற இடங்கள், புத்த கோயில் பன்சலைகள், பஸ் நிற்கிற இடங்கள். கையில் ஒரு தடித்த மட்டைக் கொப்பியும் ஒரு பை பிஸ்கட்டும் இருக்கும். கொப்பியை மதிலில் 'டப்' என்று அடிப்பேன். எத்தனையோ நாய்கள் திரும்பிப் பார்க்கின்றன. சில கிட்டவும் வருகின்றன. அவைகளுக்குப் பின்பக்கமாக ஒரு துண்டு எறிந்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போவேன். போன மாதம் இதையெல்லாம் மிஸ்ஸியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியைக் கட்டிக் காற்றடித்தவர், அளவை என்னிடம் சொல்லவில்லை. பட்டியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "யாராவது பிஸ்கட் நீட்டியிருப்பாங்க, மரியதாஸ். அது நம்பிப் போயிருக்கும். அதைத்தானே நாம படிப்பிச்சோம்."

வான் வந்துபோன மறுநாளே சிவபாதம் ஆள் விட்டு என் பழைய சாய்மானக் கதிரையைக் கீழே இறக்கிவைத்தார். நான் இன்னும் ஸ்டூலில்தான் இருக்கிறேன், ஏனென்றால் அவர் எனக்குத் தர வேண்டியிருப்பது கதிரை அல்ல, ஒரு இடத்தின் பெயர்.