மச்சான் காத்த வலது பக்கம்

சந்தேகம் எனக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். மலேசியாவில், பாசிர் பெனம்பாங் மீன்துறையில் மீன் ஏற்றிக் கிள்ளான் வரைக்கும் லோரி ஓட்டுகிறேன். பெட்டியின் மேல் வரிசையில் கண் பளபளக்கும் மீனை அடுக்கி, அடியில் முந்தாநாள் மீனைத் தள்ளிவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் எந்தப் பெட்டியிலும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். மனிதர்களிடமும் நான் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வருடத்துக்கு ஒரு முறை, கோயில் திருவிழா முடிந்த மறுநாள், எங்கள் தோட்டத்துக்கும் கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும் பந்தாட்டம் நடக்கும். இரண்டு தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது, ஆட்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அதனால் யார் எந்தத் தோட்டத்துக்கு ஆடலாம் என்பதில் குழப்பம் வரக்கூடாதென்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தோட்டத்துப் பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும். பிறந்தவனுக்கு உள்ள அத்தனை உரிமையும் மாப்பிள்ளைக்கும் உண்டு.

இந்த விதியால்தான் என் மச்சான் எங்களுக்கு ஆடினார். என் அக்காவின் கணவர். பிறந்தது கெர்லிங் தோட்டத்தில். கல்யாணமான வருடத்திலிருந்து எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வலது பின்காப்பில் நின்று, தன் சொந்த ஊருக்கு எதிராக ஆடி வந்தார். நாங்கள் ஜெயித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தோற்றால் போதும், கடைசிக் கோல் எந்தப் பக்கமாக வந்தது என்று பேச்சு ஆரம்பித்துவிடும். போன வருட ஆட்டத்துக்கு முன்னால் அவர் அக்காவிடம், இதுதான் கடைசி, முழங்கால் போதும் என்கிறது என்று சொல்லியிருந்தார். அன்று நாங்கள் தோற்றால், ஊருக்காக விட்டுக்கொடுத்தவர் என்ற பெயரோடுதான் அவர் சட்டையைக் கழற்ற வேண்டும். நான் கோல்கீப்பர், தலைவனும் நான்தான். அந்தப் பேச்சை முதலில் எடுப்பவனும் நானாகத்தான் இருந்திருப்பேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. கெர்லிங் ஆட்களோடு ஒரு புதுப் பையன் வந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். உடம்பைச் சூடாக்க ஓடுகிறேன் என்று திடலை ஒரு சுற்று ஓடினான். எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு இவன்?" என்று அவர்கள் தலைவரிடம் கேட்டேன்.

"எங்க தோட்டத்து மாப்பிள்ள லா."

"எப்போ கல்யாணம் நடந்துச்சு? எனக்குத் தெரியாம?"

"ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. தாலி அடுத்த மாசம்."

தாலி கட்டாதவன் எப்படி மாப்பிள்ளை ஆவான் என்று நான் பிடித்துக்கொண்டேன். நடுவர் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் மலாய் ஆசிரியர். அவருக்குத் தாலி கணக்கில் இல்லை, பதிவுதான் கணக்கு. அவர்கள் கைப்பேசியில் பதிவு அலுவலகத்தில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். பையன் பக்கத்தில் புடவை கட்டி நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். மச்சானின் இறந்துபோன தம்பியுடைய மகள், அவர் தூக்கி வளர்த்த பெண்.

திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கயிறு கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

"உங்க மருமகனா?" என்றேன்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறதுக்கு முன்னாடி வாயால சொல்றது மொற இல்ல. உன் வீட்டுக்குத் தட்டு தூக்கிட்டு அடுத்த வாரம் வர்றதாதான் இருந்தேன்."

முறை என்பது என்னவோ சரிதான். ஆனால் எனக்கு மேல் வரிசை மீன்தான் ஞாபகம் வந்தது.

முதல் பாதியில் அந்தப் பையன் எங்களைப் பிய்த்து எடுத்துவிட்டான். எங்கள் பின்காப்பு எப்போதும் திடலின் பாதி வரைக்கும் ஏறி நிற்கும். பழகிய எதிராளிக்கு அது சரி. அவர்களிடம் நடுவில் ஒரு மொட்டைத் தலைக்காரர் இருந்தார். அவர் பந்தைத் தூக்கி எங்கள் தலைக்கு மேலே போடுவார், பையன் இடது ஓரத்தில் ஒரே ஓட்டம். அவனுடைய இடது ஓரம் என்றால் எங்களுக்கு வலது, மச்சான் நிற்கும் பக்கம். மச்சான் திரும்புவதற்குள் அவன் என் முன்னால் நிற்பான். ஒரு கோல் விழுந்தது. இன்னொன்று கம்பத்தில் பட்டது. எங்கள் நடுக்காப்பாளன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். இன்னொருவன் காலை நீட்டினான், காலுக்கு அங்கே ஆள் இல்லை.

மச்சான் மட்டும் அவனைத் தொடவே இல்லை. சட்டையையும் பிடிக்கவில்லை, தோளாலும் இடிக்கவில்லை. புது மாப்பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் கீழே தள்ள எந்த மாமனாருக்கு மனசு வரும்? எனக்கு உள்ளே எரிந்தது. தோற்பதற்கு ஒரு காரணத்தை நானே சட்டை போட்டு வலது பக்கம் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இடைவேளையில் அக்கா சிரப் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. மச்சானை மாற்றிவிடலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அவனத் தொரத்தாதீங்க. தொரத்தித் தோத்துட்டோம். எல்லாரும் பின்னால எறங்குங்க, நம்ம கோல் பெட்டிக்கு முன்னால நில்லுங்க. நமக்குப் பின்னால எடமே இல்லன்னா அவன் எங்க ஓடுவான்? ஒருத்தன் மொட்ட கூடவே நிக்கட்டும். பந்து தூக்கிப் போட விடாதீங்க. கால்ல பந்து வாங்கிட்டு வந்தா நான் ரெண்டு அடி தள்ளி நின்னுக்கறேன். ஓரத்த அடைச்சு உள்பக்கமா வர விடறேன்."

"உள்பக்கமா? என் மூஞ்சிக்கு நேராவா?" என்றேன்.

"உள்ள வந்தா வலது கால்ல அடிக்கணும். அவனுக்கு வலது கால் பஸ் ஏற மட்டும்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சொன்னாள். "மாப்பிள்ள விருந்துக்கு வந்தப்ப வாசல்ல நம்ம சின்னவன்கூட அர நாள் பந்து ஒதச்சாருடா. இவரு பாத்துக்கிட்டே இருந்தாரு."

விருந்துக்கு வந்த விஷயமும் எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு பக்கம் அது யோசனை மாதிரிக் கேட்டது. இன்னொரு பக்கம், மருமகனுக்குக் கோல் வாசலைத் திறந்து வைக்கிற ஏற்பாடு மாதிரியும் கேட்டது. மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள், களைத்துப்போயிருந்தார்கள். ஓட வேண்டாம் என்று சொன்னதே அவர்களுக்குப் போதும்.

இரண்டாம் பாதியில் ஆட்டமே வேறாகிவிட்டது. மொட்டைக்குப் பந்தை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பையனுக்குப் பந்து காலில் வந்தது, ஆனால் ஓட இடம் இல்லை. மச்சான் அவனுக்கு முன்னால் பின்னுக்கு நடந்துகொண்டே இருந்தார், ஓரத்துக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டாத குறையாக. விருந்தாளியை உள்ளே வாங்க என்று அழைக்கிறவர் போலத்தான் இருந்தது. அவன் உள்ளே வந்தான், வலது காலால் அடித்தான். பந்து என் கைக்கு உருண்டு வந்தது. மறுபடி வந்தான், மறுபடி அடித்தான், பந்து செம்பனை மரங்களுக்குள் போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைப் பார்த்தேன்.

அவர்கள் பொறுமை இழந்து எல்லோரும் மேலே ஏறினார்கள். பின்னால் காலியானது. எங்களுக்கு ஒரு கோல் அப்படி வந்தது. அடுத்தது மூலை உதையில், நடுக்காப்பாளன் தலையால் தள்ளினான். இரண்டுக்கு ஒன்று.

வெயில் இறங்கிவிட்டது. மக்ரிப் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், கூடுதல் நேரம் கேட்காதீர்கள் என்று நடுவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கடைசி நிமிடங்களில் பையன் மறுபடி உள்ளே வெட்டினான். பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்தான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

மச்சான் அவன் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார், காலுறையை உருவினார். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து விரல்களை மெல்ல மேலே அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். எங்கள் ஆட்கள் கத்தினார்கள்: "விட்டுட்டு வாங்க, மருமகனுக்கு அப்புறமா சேவை செய்யலாம்." கெர்லிங் ஆட்களும் கத்தினார்கள்: "டைம் ஓட்டுறாரு ரெஃப்ரி, ஆள எழுப்புங்க." அந்தக் கூட்டத்தில் அவருடைய சித்தப்பா மகன்களும் இருந்தார்கள். அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. காலுறையை மடிப்பு இல்லாமல் மாட்டிவிட்டார். பூட்ஸ் கயிற்றை, ஆட்டத்துக்கு முன்னால் தன்னுடையதைக் கட்டிய அதே நிதானத்தில் கட்டினார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பந்தைப் போட்டார், நான் ஓங்கி உதைத்தேன், விசில் அடித்துவிட்டார்.

நாங்கள் ஜெயித்தோம். கெர்லிங் ஆட்களில் ஒருவர்கூட மச்சானுக்குக் கை கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் கோப்பையைத்தான் பார்த்தார்கள். குழாயடியில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க மச்சான். கால் புடிச்சு விட்டீங்களா, டைம் ஓட்டுனீங்களா?"

"அந்தப் புள்ளைக்கு உண்மையாவே கால் இழுத்துக்கிச்சு," என்றார். முகம் கழுவிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஒரு மாதம் அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் கல்யாணம். மச்சான் சொன்னபடி தட்டோடு வந்து அழைத்திருந்தார். தகப்பன் இல்லாத பெண், அதனால் தாரை வார்க்க மச்சானும் அக்காவும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பாதம் கழுவும் சடங்கு வந்தது. வெள்ளித் தட்டில் பையன் காலை வைத்தான். அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, மச்சான் இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக் கழுவினார். திடலில் கத்திய கெர்லிங் சொந்தக்காரர்கள் எல்லோரும் மணவறையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்போது பையன் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னான். மச்சான் சிரித்துவிட்டார். தாரை வார்க்க உட்கார்ந்தவர் சிரிக்கலாமா? ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா செம்பைச் சாய்த்ததில் தண்ணீர் தரையில் போயிற்று.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பையன் கைகழுவ வந்தபோது வழி மறித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

அவன் வெட்கப்பட்டான். பிறகு சொன்னான்.

"மெதுவாவே கழுவுங்க மாமா, இன்னிக்கு விசில் ஊத ஆள் இல்லன்னு சொன்னேன்."